உரோமாபுரியின் இலட்சியக் கதைகளும் அங்கு நிலவிய ஏற்றத்தாழ்வும்

பண்டைய உலக வரலாற்றில் உரோமாபுரிக்குரிய இடம் பெரிது. சட்டம், ஆட்சிமுறை, வீதியமைப்பு, படைத்திறன் ஆகிய துறைகளில் உரோமர் ஆற்றிய பணி இன்றும் போற்றப்படுகின்றது. அவற்றோடு பிற்கால உலகிற்கு அவர்கள் விட்டுச்சென்ற வேறொரு செல்வமும் உண்டு. அது கதைச் செல்வம். ஏரை விட்டெழுந்து நாட்டைக் காத்து மீண்டும் ஏரைப் பிடித்த சின்சினாற்றஸ், வயிற்றோடு உறுப்புகள் கொண்ட பிணக்கைக் கூறிக் கலகத்தைத் தணித்த அகிரிப்பா, அரசிளங்குமரன் செய்த கொடுமை கண்டு வெகுண்டு முடியாட்சியை ஒழித்த புரூற்றஸ் முதலியோரின் கதைகள் ஐரோப்பிய நாடுகளின் பாடநூல்களிலே பல நூற்றாண்டுகளாக இடம்பெற்று வந்தன. ஆங்கிலக் கல்வியின் வாயிலாக அவை நம் நாட்டு மாணவரையும் எட்டின. நாட்டுப்பற்று, எளிமை, ஒற்றுமை, சட்டத்திற்கு அடங்கி நடத்தல் என்னும் பண்புகளுக்கு அவை எடுத்துக்காட்டுகளாக விளங்கின.

இக்கதைகளைப் போற்றிய சமுதாயம் எத்தகையது? செல்வர்க்கும் வறியர்க்கும் இடையிலும், ஆண்டானுக்கும் அடிமைக்கும் இடையிலும் கடக்கவொண்ணாத இடைவெளி கிடந்த சமுதாயம் அது. ஒகஸ்தஸ் காலத்திலே மூதவையில் இடம்பெற விரும்பிய ஒருவனுக்குப் பத்து இலட்சம் செஸ்தர்ஸ் பெறுமதியான சொத்து வேண்டப்பட்டது. அதே காலத்தில் உரோமப் படைவீரன் ஒருவனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்தர்ஸ். உணவுக்கும் உடைக்கும் ஒரு காசும் செலவிடாது சேர்த்துவைப்பினும், அவ்வீரன் மூதவை உறுப்பினன் ஒருவனின் குறைந்த அளவுச் சொத்தை எய்த ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற் செல்லும். இத்துணை ஏற்றத்தாழ்வு மிக்க நாட்டிலே ஒற்றுமையையும் எளிமையையும் புகழும் கதைகள் ஏன் செழித்தன? அவை யாருக்குப் பயன்பட்டன? இவ்வினாக்களை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைகள் எழுதப்பட்ட காலம்

மரபுப்படி உரோமாபுரி கி. மு. 753 இல் நிறுவப்பட்டது, கி. மு. 509 இல் அரசர் துரத்தப்பட்டுக் குடியரசு தோன்றியது. ஆயின் உரோமர் வரலாற்றை முதன்முதலாக எழுதிய உரோமர் எனக் கருதப்படும் பேபியஸ் பிக்ரர் கி. மு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவர். அவர் மூதவை உறுப்பினர். கிரேக்க மொழியில் எழுதியவர். இன்று நாம் படிக்கும் கதைகளுட் பெரும்பாலானவற்றை இனிய நடையில் எழுதிவைத்த லிவி அவருக்கும் இரு நூற்றாண்டு பிற்பட்டவர், ஒகஸ்தஸ் ஆட்சிக்காலத்தவர். அவர் இயற்றிய 142 நூல்களுள் 35 மாத்திரமே எஞ்சியுள்ளன. ஆகவே, குடியரசின் தொடக்கக் காலத்தைப் பற்றி நாம் அறிபவை அக்காலத்தவர் எழுதிய குறிப்புகளாகா. உள்நாட்டுப் போர்களால் நலிந்த பிற்கால உரோமர் தம் முன்னோர் எவ்வாறு வாழ்ந்திருத்தல் வேண்டுமென விரும்பினரோ அவ்விருப்பமும் அவற்றிற் கலந்துள்ளது. இதனை மனத்திற்கொண்டு சில கதைகளை நோக்குவாம்.

வயிறும் உறுப்புகளும்

குடியரசின் தொடக்கத்திலே உரோமர் இரு பிரிவினராய் இருந்தனர். பத்திரீசியர் எனப்பட்ட உயர்குடியினர் ஆட்சிப் பதவிகளையும் சமயப் பதவிகளையும் தம் கையில் வைத்திருந்தனர். பிளீபியர் எனப்பட்ட பொதுக்குடியினர் வரி செலுத்தினர், போர்க்களம் சென்றனர், கடனிலும் மூழ்கினர். அக்காலக் கடன் சட்டம் மிகக் கொடியது. கடன் தீர்க்க இயலாதவனின் உடலே கடனுக்கு ஈடாகும். கடன் கொடுத்தவன் அவனைத் தளையிட்டு வேலை வாங்கலாம்.

கி. மு. 495 இல் நிகழ்ந்ததாக லிவி கூறும் ஒரு சம்பவம் உள்ளத்தை உருக்குவது. கந்தல் உடுத்து, மெலிந்து வெளிறி, தாடி வளர்ந்த முதியவன் ஒருவன் நகரப் பொதுவிடத்திலே தோன்றினான். அவன் ஒரு காலத்திற் படைத்தலைவனாய் இருந்தவன் என்பதைச் சிலர் கண்டுகொண்டனர். தான் போர்க்களத்தில் நின்ற வேளையிற் பகைவர் தன் பயிரை அழித்து, வீட்டை எரித்து, கால்நடைகளைக் கவர்ந்து சென்றனர் என்றும், அந்நிலையிலும் வரி கேட்கப்பட்டமையாற் கடன்பட்டதாகவும், வட்டி பெருகிப் பாட்டன் பூட்டன் காலத்து நிலம் போய், ஈற்றில் உடலும் கடன்காரன் கைப்பட்டதாகவும் அவன் கூறினான். மார்பிலே பகைவர் வாளால் வந்த வடுக்கள். முதுகிலே கடன்காரன் சவுக்கால் வந்த புண்கள். இரண்டையும் அவன் மக்களுக்குக் காட்டினான் என்பர்.

அடுத்த ஆண்டிற் பொதுக்குடியினர் நகரைவிட்டு நீங்கி, மூன்று மைல் தொலைவிலிருந்த புனித மலையிற் சென்று தங்கினர். ஆயுதமேந்தி எவரையும் தாக்கினாரல்லர். தம் உழைப்பையும் படைப்பணியையும் வழங்காது ஒதுங்கினர், அவ்வளவே. இக்காலத்து வேலைநிறுத்தத்திற்கு மிகப் பழைய முன்னோடியென இதனைக் கூறலாம். அஞ்சிய மூதவை மெனேனியஸ் அகிரிப்பாவைத் தூதனுப்பியது. அவர் கூறிய கதை யாவரும் அறிந்ததே. உழைக்காது உண்ணும் வயிற்றின்மீது சினங்கொண்டு கை உணவெடுக்க மறுத்தது. வாய் ஏற்க மறுத்தது. பல் மெல்ல மறுத்தது. வயிற்றை அடக்கப் புகுந்த உறுப்புகள் யாவும் தாமே சோர்ந்தன. வயிறும் தான் பெற்றதைக் குருதியாக்கி உடலெங்கும் அனுப்புவதை அவை பின்னரே உணர்ந்தன. மூதவை வயிறு; மக்கள் உறுப்புகள். இவ்வுவமையைக் கேட்ட மக்கள் மனமாறினர் என்பது கதை.

இவ்வுவமை அழகியது, ஆயினும் அதிற் பொதிந்துள்ள கருத்தைக் கூர்ந்து நோக்குதல் தகும். உடலில் வயிறு வயிறாகவே இருக்கும். கை கையாகவே இருக்கும். கை ஒருநாளும் வயிறாக முடியாது. மனிதர் வகுத்த வேறுபாடு இயற்கை வகுத்த வேறுபாடுபோல இங்கே காட்டப்படுகின்றது. அன்றியும், வயிறு தான் பெற்றதைப் பகிர்ந்தளிக்கின்றது என்பதிலேயே உவமையின் உயிர் தங்கியுள்ளது. சவுக்கடி பட்ட முதியவனுக்கு மூதவை எதனைப் பகிர்ந்தளித்தது? அவ்வினாவுக்கு அகிரிப்பாவின் கதையில் விடை இல்லை.

மக்கள் கதையைக் கேட்டமாத்திரத்தில் திரும்பிவிடவில்லை என்பது லிவியின் வரலாற்றிலேயே தெளிவாக உள்ளது. கதைக்குப் பின் உடன்படிக்கை பேசப்பட்டது. பொதுக்குடியினரைக் காக்கத் திரிபியூன் எனப்பட்ட குடிகாவலர் நியமிக்கப்பட்டனர். அப்பதவியை உயர்குடியினர் வகிக்கலாகாது. குடிகாவலரின் உடலைத் தீண்டுவோன் தெய்வ சாபத்திற்கு உரியவன் என்று விதிக்கப்பட்டது. இவ்வுறுதி கிடைத்த பின்னரே மக்கள் மலையிலிருந்து இறங்கினர். பிற்காலத்தாரோ உவமையை நினைவில் வைத்தனர், நிபந்தனையை மறந்தனர். ஒற்றுமை நாவன்மையால் வந்ததென்பது கதை. அது பேரம்பேசிப் பெறப்பட்ட உரிமையால் வந்ததென்பதே அக்கதையோடு சேர்த்து எழுதப்பட்டுள்ள செய்தி.

ஏர்முனைத் தலைவன்

எளிமைக்கு இலக்கணமாகக் கூறப்படுபவர் சின்சினாற்றஸ். கி. மு. 458 இல் உரோமப் படையொன்று பகைவரால் வளைக்கப்பட்டது. மூதவை சின்சினாற்றஸைச் சர்வாதிகாரியாக நியமித்தது. நெருக்கடிக் காலத்தில் ஆறு மாதத்திற்கு மேற்படாது முழு அதிகாரத்தையும் ஒருவரிடம் ஒப்படைக்கும் பதவி அது. தூதுவர் சென்றபோது தைபர் ஆற்றுக்கு அப்பால் நான்கு யூகேரம், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், நிலத்தில் அவர் வேலைசெய்துகொண்டிருந்தார். மேலாடையை அணிந்து புறப்பட்டார், பகைவரை வென்றார், பதினாறாம் நாளிற் பதவியைத் துறந்து நிலத்திற்குத் திரும்பினார். அமெரிக்காவின் விடுதலைப் போரை நடத்திய வாஷிங்ரன் 1783 இற் படைத்தலைமையைத் துறந்தபோது அவரை மக்கள் சின்சினாற்றஸுக்கு ஒப்பிட்டனர் எனின், இக்கதையின் செல்வாக்கு எத்தகையதென்பது புலனாகும்.

சின்சினாற்றஸ் ஏன் வறியவரானார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. லிவி கூறுகின்றார். அவருடைய மகன் கீசோ உயர்குடி இளைஞரைத் திரட்டிக்கொண்டு குடிகாவலரைப் பொதுவிடத்திலிருந்து அடித்துத் துரத்தியவன். சட்டங்களை எழுத்தில் வரைதல் வேண்டுமென்று பொதுக்குடியினர் கோரிய காலம் அது. வழக்குத் தொடரப்பட்டபோது கீசோ பிணையில் வெளிவந்து நாட்டை விட்டு ஓடினான். பிணைப்பணத்தைத் தந்தை கட்ட நேர்ந்தமையால் அவர் சொத்து அழிந்தது. பதினாறு நாட்கள் அவர் பதவியில் இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. தம் மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் பொய்ச்சாட்சிக் குற்றத்திற்காளாகி நாடு நீங்கும்வரை அவர் காத்திருந்தார் என்கின்றார் லிவி. அவர் நகருள் நுழைந்த அன்று திரண்ட பொதுமக்கள் அவரைக் கண்டு மகிழ்ந்தாரல்லர் என்பதும் அவர் எழுதியதே.

இருபது ஆண்டுகள் கழிந்தன. கி. மு. 439 இற் பஞ்சம் ஏற்பட்டது. ஸ்பூரியஸ் மேலியஸ் என்னும் பொதுக்குடிச் செல்வன் தன் பொருளைச் செலவிட்டுத் தானியம் வருவித்து ஏழைகளுக்கு வழங்கினான். அவன் அரசனாக முயல்கின்றான் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. எண்பது வயது கடந்த சின்சினாற்றஸ் மீண்டும் சர்வாதிகாரியானார். அவருடைய உதவித் தலைவன் அகாலா, விசாரணைக்கு வர மறுத்துக் கூட்டத்துள் ஒதுங்கிய மேலியஸைக் கொன்றான். விசாரணையின்றி நிகழ்ந்த அக்கொலையைச் சின்சினாற்றஸ் பாராட்டினார். இந்நிகழ்ச்சிகள் அவ்வாறே நடந்தனவா என்பதில் அறிஞர்க்கு ஐயம் உண்டு. எனினும், உரோமர் தம் இலட்சியத் தலைவனைப் பற்றிச் சொன்ன முழுக் கதை இது. ஏரைப் பிடித்த கையைப் பிற்காலம் ஓவியமாகத் தீட்டிற்று. பசித்தோர்க்கு அன்னமிட்டவன் கொலையுண்டதை அவ்வோவியத்திற் காண முடியாது.

எண்ணிக்கையில் மறைந்த சமத்துவம்

உரோமக் குடியரசின் ஆணைகள் மூதவையின் பெயராலும் மக்களின் பெயராலும் வெளிவந்தன. மக்களே கொன்சல் எனப்பட்ட ஆண்டுத் தலைவர் இருவரையும் தேர்ந்தெடுத்தனர். கி. மு. 167 இல் உரோமாபுரிக்குப் பிணையாளராகக் கொண்டுவரப்பட்ட கிரேக்க அறிஞர் பொலிபியஸ், கொன்சல் பதவியில் முடியாட்சியும் மூதவையில் உயர்ந்தோராட்சியும் வாக்களிப்பில் மக்களாட்சியும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தி நிற்பதாகக் கூறி வியந்தார். பிற்கால அரசியலறிஞர் பலரையும் அக்கருத்துக் கவர்ந்தது.

வாக்குகள் எண்ணப்பட்ட முறையை நோக்குவோமாயின் உண்மை விளங்கும். கொன்சலைத் தேர்ந்த பேரவையில் மக்கள் 193 நூற்றுவர் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வாக்கு. லிவி தரும் அமைப்பின்படி குதிரைவீரர் பிரிவுகள் 18; சொத்து மிக்க முதல் வகுப்பினரின் பிரிவுகள் 80. இரண்டும் சேர 98. அறுதிப் பெரும்பான்மைக்கு வேண்டியதோ 97. சொத்தில்லாதார் எத்தனை ஆயிரவராயினும் அவர்க்கு ஒரே பிரிவு, ஒரே வாக்கு. செல்வர் முதலில் வாக்களிப்பர். பெரும்பான்மை எய்தியதும் வாக்களிப்பு நிறுத்தப்படும். எனவே செல்வர் ஒருமித்தவிடத்து ஏழையின் முறை வருமுன்னரே தேர்தல் முடிந்துவிடும். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் முதல் வகுப்பின் பிரிவுகள் 70 ஆகக் குறைக்கப்பட்டன. ஆயினும் முறையின் இயல்பு மாறவில்லை.

இவ்வேற்பாடு தற்செயலாய் நேர்ந்ததன்று. பெருந்தொகையினர் பேரதிகாரம் பெறாதிருத்தலே அதன் நோக்கம் என்று சிசெரோ தம் அரசியல் நூலில் வெளிப்படையாகக் கூறிப் பாராட்டியுள்ளார். எவரையும் வாக்கிலிருந்து விலக்காமலே பலருடைய வாக்கையும் பயனற்றதாக்கும் முறை இது. வாக்குரிமை உண்டென்று ஏழையும் மகிழலாம். முடிவு தம் கையிலென்று செல்வரும் அமைதி கொள்ளலாம்.

ஒற்றுமைத் தேவியின் கோயில்

இக்கூறியவற்றால் இலட்சியக் கதைகள் யாவும் வெறும் ஏமாற்று என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. பொதுக்குடியினர் அக்கதைகளையே தமக்குரிய ஆயுதமாகவும் கொண்டனர். நாம் ஒரே உடலாயின் எமக்கும் உரிய பங்கைத் தருக என்று அவர்கள் கேட்டனர். கி. மு. 451, 450 ஆம் ஆண்டுகளிற் பன்னிரு பலகைச் சட்டம் எழுதப்பட்டது. அதில் இருந்த கலப்புமணத் தடை கி. மு. 445 இல் நீக்கப்பட்டது. கி. மு. 367 இற் கொன்சல் பதவி பொதுக்குடியினர்க்குத் திறக்கப்பட்டது. கடனுக்காக உடலைத் தளையிடும் வழக்கு கி. மு. 326 அளவில் ஒழிக்கப்பட்டதென்பது மரபு. கி. மு. 287 இற் பொதுக்குடியினர் பேரவையின் தீர்மானங்கள் யாவரையும் கட்டுப்படுத்தும் சட்டங்களாயின. கதை உயர்ந்தோரையும் ஓரளவு கட்டியது என்பதற்கு இவை சான்றாகும்.

கதையை உயர்ந்தோர் கைவிட்ட நாள் வந்தது. கடல்கடந்த வெற்றிகளால் நிலமும் அடிமைகளும் செல்வர் கையிற் குவிந்தன. கி. மு. 133 இற் குடிகாவலரான திபேரியஸ் கிராக்கஸ், பொதுநிலத்தில் ஒருவர் 500 யூகேரத்திற்கு மேல் வைத்திருத்தலாகாது என்ற பழைய வரம்பை வலியுறுத்தி, எஞ்சியதை ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கச் சட்டம் இயற்றினார். புதிதாக எதனையும் அவர் கேட்டாரல்லர். அவர் மீண்டும் குடிகாவலர் பதவிக்குப் போட்டியிட முனைந்த அன்று, மூதவை உறுப்பினர் சிலர் தம் ஆட்களோடு வந்து அவரை அடித்துக் கொன்றனர். தீண்டினோன் தெய்வ சாபத்திற்குரியவன் என்று புனித மலையிற் செய்த ஆணை உயர்ந்தோர் கையாலேயே உடைந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அவருடன் மாண்டனர் என்றும், உடல்கள் தைபர் ஆற்றில் எறியப்பட்டன என்றும் புளூற்றாக் எழுதியுள்ளார்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், கி. மு. 121 இல், அவர் தம்பி காயஸ் கிராக்கஸும் அவ்வாறே அழிந்தார். அப்படுகொலையை நடத்திய கொன்சல் ஒப்பிமியஸ் அதனை முடித்தபின் நகரின் நடுவிலே கொன்கோர்தியா என்னும் ஒற்றுமைத் தேவிக்குக் கோயில் எழுப்பினான். அக்கோயிலின் கல்வெட்டின் கீழே, வெறிகொண்ட பிளவின் கைவேலையே ஒற்றுமையின் கோயிலாயிற்று என்னும் கருத்துப்பட யாரோ ஒருவர் இரவில் ஒரு வரி எழுதிவைத்தார் எனவும் புளூற்றாக் குறித்துள்ளார். எழுதியவரின் பெயர் நமக்குக் கிடைத்திலது. உரோமரின் இலட்சியக் கதைகளுக்கு உரோம மக்கள் தாமே எழுதிய உரையாக அவ்வரியைக் கொள்ளலாம்.

மீட்கப்பட்ட குடியரசும் எண்ணப்படாத மனிதரும்

அதன் பின்னர் நூறாண்டு அளவு உள்நாட்டுப் பூசல் நிகழ்ந்தது. அதன் முடிவில் வெற்றியாளனாய் நின்ற ஒக்ரேவியன் கி. மு. 27 இற் குடியரசை மூதவையிடமும் மக்களிடமும் திருப்பி ஒப்படைத்ததாக அறிவித்து, ஒகஸ்தஸ் என்னும் பட்டம் பெற்றான். கொன்சல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர், மூதவை கூடியது, கோயில்கள் புதுக்கப்பட்டன. படையும் பெரும்பாலான எல்லை மாகாணங்களும் அவன் கையில் இருந்தன. தான் பிறரினும் மேம்பட்டது மதிப்பில் மாத்திரமே, அதிகாரத்தில் அன்று என்று தன் சாதனைகளைப் பொறித்த கல்வெட்டிலே அவன் கூறிக்கொண்டான். பழைய குடியரசின் கதைகளை லிவி எழுதியது இக்காலத்தில் என்பதை நினைவு கூர்க. குடியரசு மறைந்துகொண்டிருந்த காலத்திலே அதன் கதைகள் மிக அழகாக எழுதப்பட்டன.

மேற்கூறிய கதைகளிலெல்லாம் பேசாத ஒரு கூட்டம் உண்டு. அவர் அடிமைகள். அகிரிப்பாவின் உடலில் அவர் எவ்வுறுப்பும் ஆகார். கி. மு. 73 முதல் 71 வரை ஸ்பார்த்தக்கஸின் தலைமையில் அவர் கிளர்ந்தெழுந்தனர். தோல்வியின் பின் கப்புவாவிலிருந்து உரோமாபுரி வரை வீதியோரத்தில் ஆறாயிரவர் சிலுவையில் அறையப்பட்டனர் என்று அப்பியன் எழுதியுள்ளார். கி. பி. 61 இல் நகரத் தலைவனான பெதானியஸ் செக்குந்தஸ் தன் அடிமை ஒருவனாற் கொல்லப்பட்டான். பழைய வழக்கப்படி அவ்வீட்டில் வாழ்ந்த அடிமைகள் நானூற்றுவரையும் கொல்ல மூதவை தீர்மானித்தது. குற்றமற்ற பெண்களும் சிறுவரும் அவருள் இருந்தமையால் நகர மக்கள் கல்லும் தீப்பந்தமும் ஏந்தி எதிர்த்தனர். நீரோ மன்னன் வழியெங்கும் படையை நிறுத்தித் தீர்ப்பை நிறைவேற்றினான். இதனைத் தசிற்றஸ் விரிவாக எழுதியுள்ளார்.

இத்தகைய உரோமரே ஆண்டுதோறும் மார்கழியிற் சனித்தேவனுக்கு விழாவெடுத்தனர். அத்தேவன் ஆண்ட பொற்காலத்தில் அடிமையும் இல்லை, தனிச்சொத்தும் இல்லை என்பது ஐதிகம். விழா நாட்களில் அடிமைகள் எசமானரோடு அமர்ந்து உண்டனர். சில வீடுகளில் எசமானரே பரிமாறினர். விழா முடிந்ததும் பழைய ஒழுங்கு திரும்பியது. சமத்துவம் நல்லது என்பதை உரோமர் அறியாதவரல்லர். அதனைக் கடந்துபோன காலத்திலும் ஆண்டிற் சில நாட்களிலும் வைத்துப் போற்றினர்.

தொலைவில் ஓர் இலட்சிய நாடு

இலட்சிய நாட்டைப் பழங்காலத்திலே தேடிய உரோமர் தூரதேசத்திலும் தேடினர். அத்தேடலில் நம் இலங்கையும் அகப்பட்டது. குளோடியஸ் மன்னன் காலத்தில், அதாவது கி. பி. 41 முதல் 54 வரையிலான காலத்தில், அன்னியஸ் புளோகாமஸ் என்பவனின் விடுதலைபெற்ற அடிமை ஒருவன் அரபுக் கடலோரம் செல்கையிற் காற்றில் அகப்பட்டுப் பதினைந்தாம் நாள் தப்ரபேன் தீவின் ஹிப்பூரோஸ் துறையை அடைந்தான். அத்துறையைக் குதிரைமலை என்று கருதுவாருமுளர். வெவ்வேறு மன்னரின் உருவம் பொறித்த உரோம நாணயங்கள் ஒரே நிறையினவாய் இருந்தமை கண்டு வியந்த தீவரசன் நால்வரைத் தூதனுப்பினான் என்று பிளினி தம் இயற்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

அத்தூதுவர் வாயிலாக அறிந்ததாகப் பிளினி கூறும் இலங்கை வியப்புக்குரியது. அங்கே எவர்க்கும் அடிமை இல்லை. எவரும் பகல் புலர்ந்த பின் உறங்குவதில்லை. கட்டடங்கள் மிக உயர்ந்தனவல்ல. தானிய விலை ஏறுவதில்லை. வழக்கும் வழக்குமன்றமும் இல்லை. முதுமையும் அருளும் உடைய, பிள்ளையற்ற ஒருவரை மக்களே அரசராகத் தேர்வர். பின்னர்ப் பிள்ளை பிறப்பின் அரசுரிமை பரம்பரையாகிவிடாதபடி அவரை நீக்குவர். மரண தண்டனை பெற்றோர் மக்களிடம் முறையிடலாம்.

இது நம் நாட்டின் உண்மைப் படமன்று. அனுராதபுரத்தில் மைந்தரும் உடன்பிறந்தாரும் அரசுரிமை எய்தியதை மகாவம்சம் கூறுகின்றது. ஆயின் அக்கால உரோமாபுரியை நன்கு அறிதற்கு இப்படம் துணைசெய்யும். அங்கே அடிமைகள் நிறைந்திருந்தனர். ஏழைகள் ஆபத்தான மாடிக் கட்டடங்களில் நெருங்கி வாழ்ந்தனர். தானிய விலை ஏறியபோதெல்லாம் கலகம் விளைந்தது. வழக்காடல் ஒரு தொழிலாய் வளர்ந்தது. அரசு ஒரு குடும்பத்துள் வாரிசுரிமையாகிவிட்டது. உரோமாபுரியில் இருந்தவை இல்லாத நாடாகவும், இல்லாதவை இருந்த நாடாகவும் தப்ரபேன் காட்டப்பட்டது. பிளினி தாமும் அத்தீவினரும் பொன்னையும் வெள்ளியையும் மதிப்பதாகக் கூறி, உரோமரின் குற்றங்கள் அங்கும் உண்டென்கின்றார்.

முடிவுரை

ஒரு சமுதாயத்தின் இலட்சியக் கதைகளைப் பொய்யென்று எறிந்துவிடுதலும் கூடாது. மெய்யென்று மயங்குதலும் கூடாது. அக்கதையைச் சொன்னவர் யாவர், அதிற் பேசாதவர் யாவர், அதனோடு கூறப்பட்டுப் பின் மறக்கப்பட்ட நிபந்தனை யாது என்று வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவும்போது கதை தன் அழகை இழப்பதில்லை. அது யாருக்கு என்ன கடமையை விதித்தது என்பதும், அக்கடமையிலிருந்து யார் தவறினர் என்பதும் அப்போதுதான் தெரியவரும். வரலாறு பயிலும் மாணவர்க்கு இப்பழக்கம் இன்றியமையாதது. ஏனெனில், ஒற்றுமை வேண்டும் என்ற சொல் எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் கேட்கப்படுவது. அதனைச் சொல்பவர் தாம் எதனைப் பகிர்ந்தளிக்க ஆயத்தமாய் உள்ளார் என்று கேட்கும் உரிமை கேட்பவர்க்கு உண்டு.

வயிற்றின் கதையை நாம் நம் மாணவர்க்குத் தொடர்ந்து சொல்வோம். அதற்கு முந்திய பக்கத்திலே லிவி எழுதிவைத்துள்ள முதியவனையும், மார்பில் வாள்வடுவும் முதுகிற் சவுக்குப் புண்ணுமாய்ப் பொதுவிடத்தில் நின்ற அவன் கோலத்தையும் அக்கதையோடு சேர்த்துச் சொல்வோமாக.